ஆஸ்திரேலியாவில் இந்தியா: இருபது விக்கெட்டுக்காக 71 ஆண்டுகள்

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. ஆஸ்திரேலிய மண்ணில் ஒரு டெஸ்ட் தொடரை வெல்ல இந்தியாவுக்கு ஏன் 71 ஆண்டுகள் பிடித்தன என்பது முதல் பகுதி. 2018-19-ல் வென்றதும் ஆஸ்திரேலியாவின் முக்கிய பேட்ஸ்மேன்கள் ஸ்மித்தும் வார்னரும் தடையில் இருந்ததால்தானே என்பது இரண்டாவது. பின்னதை இந்த ஏழெட்டு வருடங்களில் பல பேர் கேட்டுவிட்டார்கள். ஆனால் முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால், இரண்டாவதற்கான விடை அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், நம் பேட்ஸ்மேன்களுக்குப் பவுன்ஸ், அதாவது உயரமாக எழும்பி வரும் பந்து, ஆடத் தெரியாது என்பது. சில தொடர்களில் அது உண்மைதான். 1999-2000, 2011-12 இரண்டிலும் பேட்டிங் சரிந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மொத்தக் கணக்கையும் எடுத்துப் பார்த்தால் வேறு ஒன்று கண்ணில் படும். 1947-லிருந்து 2025 ஜனவரி வரை 14 சுற்றுப்பயணங்கள், 57 டெஸ்ட்கள். வென்றவை 10, தோற்றவை 33, டிரா 14. வென்ற பத்திலும் நம் பந்து வீச்சாளர்கள் எதிரணியின் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து இருபது விக்கெட்டையும் எடுத்திருக்கிறார்கள். அது சரி, டெஸ்ட் என்றாலே அப்படித்தான். என்னை உறுத்துவது டிரா ஆனவைதான். அவற்றில் பலவற்றை நாம் வென்றிருக்க வேண்டும். ரன் இருந்தது. ஆட்டத்தை முடிக்கிற பந்து வீச்சு இல்லை.

முதல் பயணத்திலிருந்தே பார்க்கலாம். 1947 அக்டோபரில் லாலா அமர்நாத் தலைமையில் அணி கிளம்பியபோது நாடு பிரிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. விஜய் மெர்ச்சண்ட், முஷ்டாக் அலி, ரூசி மோடி மூவரும் போகவில்லை. அணியில் எடுக்கப்பட்டிருந்த வேகப்பந்து வீச்சாளர் ஃபசல் மஹ்மூத் பாகிஸ்தானோடு தங்கிவிட்டார். பின்னாளில் இங்கிலாந்தையே அவர்கள் ஊரில் சாய்த்த அந்தக் கை, புதுப்பந்தோடு பிரிஸ்பேனில் இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்தது உண்டு. பிரிஸ்பேனில் மழைக்குப் பிந்தைய ஈரப் பிட்சில் இந்தியா 58, 98. எர்னி டோஷாக் முதல் இன்னிங்ஸில் இரண்டே ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார்.

அதோடு நிறுத்திவிட்டால் பேட்டிங்தான் குற்றவாளி என்று தோன்றும். அடிலெய்டுக்கு வாருங்கள். விஜய் ஹசாரே ஒரே டெஸ்டில் இரண்டு சதம், 116, 145. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் லிண்ட்வாலும் மில்லரும் வீசும்போது அடித்தவை. தத்து பட்கர் ஒரு சதம். மெல்போர்னில் வினு மன்கட் இரண்டு சதம் அடித்தார். இத்தனைக்குப் பிறகும் அடிலெய்டில் இன்னிங்ஸ் தோல்வி. காரணம், ஆஸ்திரேலியா எடுத்திருந்தது 674. பிராட்மன் 201. நம் அணியில் உண்மையான வேகம் என்று சொல்லத்தக்க ஆள், அந்த டெஸ்டில்தான் அறிமுகமான மதராஸ் வீரர் ரங்காச்சாரி. தொடர் 4-0.

அடுத்த அழைப்புக்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1967-68-ல் பட்டோடி தலைமையில் போன அணியும் 4-0 என்று தோற்றது. மெல்போர்னில் ஒரு கண்ணில் பார்வை குறைந்த பட்டோடி, தொடைத் தசை பிடித்துக்கொண்ட காலோடு 75-ம் 85-ம் எடுத்தார். பிரிஸ்பேனில் மாற்று வீரராக விமானத்தில் வந்து இறங்கிய ஜெய்சிம்மா 74, 101. 395 என்ற இலக்கைத் துரத்தி 39 ரன்னில் தோல்வி. அந்தத் தொடரில் பிரசன்னா 25 விக்கெட் எடுத்தார். நான்கு டெஸ்டில், சுழலே எடுக்காது என்று சொல்லப்பட்ட ஊரில். எதிர்முனையிலிருந்து புதுப்பந்தில் விக்கெட் எடுக்க ஆள் இருந்திருந்தால் அந்த 25-க்கு வேறு மதிப்பு கிடைத்திருக்கும். அங்கிருந்து நேரே நியூசிலாந்து போய் 3-1 என்று வென்றார்கள். வெளிநாட்டில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் முதல் தொடர் வெற்றியும் அதுதான். எனவே ஆஸ்திரேலியாவில் போட்ட உழைப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது.

இங்கே பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் இப்போது பயன்படுத்துவது கூக்கபுரா நிறுவனத்தின் பந்து. நம் ஊர் எஸ்.ஜி. பந்தின் தையல் கையால் போட்டது, தடிமனாக எழும்பி நிற்கும், நாள் முழுக்க விரலுக்குப் பிடி கொடுக்கும். கூக்கபுராவின் தையல் முதல் பதினைந்து, இருபது ஓவருக்கு நன்றாக வேலை செய்யும். பிறகு படுத்துவிடும். ஸ்விங்கும் போய்விடும். அதற்குப் பிறகு அங்கே விக்கெட் எடுக்க இரண்டே வழி. ஒன்று, பிட்சை ஓங்கிக் குத்தி நல்ல நீளத்திலிருந்து பந்தை மார்பு உயரத்துக்குக் கொண்டுவரும் வேகம். இரண்டாவது, காற்றிலேயே ஏமாற்றத் தெரிந்த, பவுன்ஸைப் பயன்படுத்தத் தெரிந்த சுழல். சும்மா திருப்புகிறவருக்கு அங்கே வேலை இல்லை. இந்தியாவில் ஐந்து விக்கெட், ஐந்து விக்கெட்டாக எடுத்தவர்கள் அங்கே போய் வெறுங்கையோடு திரும்பியதற்கு இதுதான் காரணம்.

1977-78-ல் அந்த இரண்டாவது வகைக்காரர்கள் நம்மிடம் மூன்று பேர் இருந்தார்கள். பேடி, சந்திரசேகர், பிரசன்னா. தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் ஆஸ்திரேலியாவின் முதல் தர வீரர்களைத் தன் போட்டிக்கு இழுத்துக்கொண்டதால், 41 வயது பாப் சிம்ப்சனை ஓய்விலிருந்து கூட்டி வந்து கேப்டனாக்கினார்கள். பிரிஸ்பேனில் 16 ரன்னில் தோல்வி. பெர்த்தில் இரண்டு விக்கெட்டில் தோல்வி. அங்கே நைட் வாட்ச்மேனாக, அதாவது மாலையில் முன்னணி ஆட்டக்காரருக்குப் பதில் முன்கூட்டி அனுப்பப்பட்டு, வந்த டோனி மான் சதம் அடித்துவிட்டுப் போனார். மெல்போர்னில் சந்திரசேகர் 52 ரன்னுக்கு 6 விக்கெட், மறுபடி 52-க்கு 6. போலியோ தாக்கி மெலிந்த வலது கைதான் அவருடைய வீச்சுக் கை. அதிலிருந்து வேகமாகப் போகும் கூக்ளி எந்த உயரத்துக்கு எழும்பும் என்று பேட்ஸ்மேனுக்கு மட்டுமல்ல, விக்கெட் கீப்பர் கிர்மானிக்கும் பிடிபட நேரம் எடுக்கும். 222 ரன்னில் வெற்றி. ஆஸ்திரேலியாவில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட். சிட்னியில் இன்னிங்ஸ் வெற்றி. 2-2 என்று அடிலெய்டுக்கு வந்து, 493 என்ற இலக்கைத் துரத்தி 445 வரை போய் நின்றார்கள். பேடிக்கு 31 விக்கெட், சந்திரசேகருக்கு 28. கவாஸ்கர் முதல் மூன்று டெஸ்டிலும் இரண்டாவது இன்னிங்ஸில் சதம்.

பேக்கர் காலத்து ஆஸ்திரேலியா பலவீனமானது என்பதால் அந்தத் தொடரைப் பலர் பெரிதாகப் பேசுவதில்லை. தாம்சன் அந்த அணியில் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் 2018-க்கு முன்பு தொடர் வெற்றிக்கு நாம் உண்மையிலேயே மிக அருகில் போனது அப்போதுதான்.

1980-81 வேறு மாதிரி. அணி அவ்வளவு நன்றாக ஆடவில்லை. சிட்னியில் இன்னிங்ஸ் தோல்வி. அங்கே லென் பாஸ்கோவின் பந்து சந்தீப் பாட்டீலின் காதருகே அடித்து அவர் சுருண்டு விழுந்தார். அடுத்த டெஸ்டிலேயே அடிலெய்டில் வந்து 174 அடித்தார். அந்த இன்னிங்ஸ் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம். மெல்போர்ன்தான் முக்கியம். இரண்டாவது இன்னிங்ஸில் கவாஸ்கருக்கு லில்லி பந்தில் எல்.பி.டபிள்யூ கொடுக்கப்பட்டது. பந்து பேட்டில் பட்டது என்று அவர் நின்றார். வெளியேறும்போது ஆஸ்திரேலிய வீரர்கள் ஏதோ சொன்னது காதில் விழ, திரும்பி வந்து எதிர்முனையில் நின்ற சேத்தன் சவுகானையும் கையோடு அழைத்துக்கொண்டு நடந்தார். எல்லைக்கோட்டருகே அணியின் மேலாளர் விங் கமாண்டர் துரானி வந்து சவுகானை நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அவர் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தியா ஆட்டத்தையே விட்டுக்கொடுத்திருக்கும். அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 143. சிவலால் யாதவுக்குக் கால் விரலில் எலும்பு முறிவு. திலீப் தோஷிக்கும் காலில் அடி, ஆனால் வீசினார். கபில் தேவ் தொடை வலியில் நான்காம் நாள் பந்தையே தொடவில்லை. அன்று மாலை கர்சன் காவ்ரி கிரெக் சேப்பலை முதல் பந்திலேயே கால்களுக்குப் பின்னால் போல்டாக்க, ஆட்ட முடிவில் 24-க்கு 3. மறுநாள் காலை கபில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார். பிட்ச் தேய்ந்து, பந்து தாழ்ந்து ஓடியது. அவர் செய்தது ஒன்றே ஒன்று. நேராக, ஸ்டம்புக்கு, விடாமல் வீசினார். 28 ரன்னுக்கு 5 விக்கெட். ஆஸ்திரேலியா 83-க்கு ஆல் அவுட், தொடர் 1-1. அந்தப் பிட்சுக்கு எது தேவையோ அது மட்டும். வேகப்பந்து வீசப் பழகும் பையன்கள் இன்றும் அந்தக் காலை நேரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இப்போது என் வாதத்துக்கு மிக வலுவான சாட்சி, 1985-86. கபில் கேப்டன், மூன்று டெஸ்ட். இந்தியா அடித்தவை: அடிலெய்டில் 520, மெல்போர்னில் 445, சிட்னியில் 4 விக்கெட்டுக்கு 600 டிக்ளேர். கவாஸ்கர் 166 ஆட்டமிழக்காமல், பிறகு 172. சிட்னியில் நம்ம ஸ்ரீகாந்த் 116, மொஹிந்தர் 138. இப்படி ரன் குவித்த அணி ஒரு டெஸ்டையும் வெல்லவில்லை. மெல்போர்னில் ஆலன் பார்டர் கடைசி ஆட்டக்காரர் டேவ் கில்பர்ட்டை வைத்துக்கொண்டு 77 ரன் சேர்த்தார். அதற்குள் நேரம் போயிற்று, பிறகு மழை. 126 இலக்கில் 59-க்கு 2 என்று நின்றுபோனது. சிட்னியில் ஃபாலோ ஆன் கொடுத்தும், அதாவது உடனே மறுபடி ஆட வைத்தும், ஆஸ்திரேலியா 119-க்கு 6 என்று தப்பியது. அடிலெய்டில் 106-க்கு 8 விக்கெட் எடுத்த கபிலுக்கு எதிர்முனையில் இன்னொரு வேகம் இல்லை. 2-0 என்று வந்திருக்க வேண்டிய தொடர் 0-0 என்று பதிவாகி இருக்கிறது. 4-0 தோல்விகளை விட இதுதான் எனக்கு வலிக்கும்.

1991-92 தொடரும் 4-0 தோல்வி என்றே நினைவில் இருக்கிறது. பெர்த்தில் பதினெட்டு வயது டெண்டுல்கர் அடித்த 114 பற்றி எல்லோருக்கும் தெரியும். அதே டெஸ்டில் ஸ்ரீகாந்த் ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தது பலருக்குத் தெரியாது. டிரா ஆன அந்த ஒரே டெஸ்ட், சிட்னியில். ரவி சாஸ்திரி 206, டெண்டுல்கர் 148 ஆட்டமிழக்காமல். ஷேன் வார்ன் என்ற புது ஆள் 150 ரன் கொடுத்து ஒரு விக்கெட். கடைசி நாள் முடிவில் ஆஸ்திரேலியா 173-க்கு 8. இரண்டு விக்கெட் கிடைக்கவில்லை.

2003-04-க்கு வருவோம். மெக்ராத்தும் வார்னும் இல்லாத ஆஸ்திரேலியா, ஆனால் பாண்டிங் உச்சத்தில் இருந்த ஆஸ்திரேலியா. அடிலெய்டில் முதல் நாளே 5 விக்கெட்டுக்கு 400. மொத்தம் 556, பாண்டிங் 242. பதிலுக்கு நாம் 85-க்கு 4. அங்கிருந்து டிராவிட்டும் லக்ஷ்மணும் 303 ரன் சேர்த்தார்கள். டிராவிட் 233, லக்ஷ்மண் 148. எல்லோரும் நினைவு வைத்திருப்பது இந்தக் கூட்டணியைத்தான். ஆனால் அந்த டெஸ்டை வென்று கொடுத்தது நான்காம் நாள் அஜித் அகர்கர் எடுத்த 41-க்கு 6. அது இல்லையென்றால் அந்த 303-ம் இன்னொரு அழகான டிராவின் கதையாகப் போயிருக்கும். 230 இலக்கை டிராவிட் 72 ஆட்டமிழக்காமல் நின்று முடித்தார். கடைசிப் பவுண்டரிக்குப் போன பந்தைச் சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்து வந்து டிராவிட் கையில் கொடுத்தவர் ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா.

அதே தொடரின் கடைசி டெஸ்ட், சிட்னி. டெண்டுல்கர் கவர் டிரைவையே ஒதுக்கி வைத்து 241 ஆட்டமிழக்காமல் அடித்தார். லக்ஷ்மண் 178. 7 விக்கெட்டுக்கு 705 டிக்ளேர். கடைசியில் ஆஸ்திரேலியா 6 விக்கெட்டுக்கு 357 என்று காப்பாற்றிக்கொண்டது. அந்த டெஸ்டில் விழுந்த 16 ஆஸ்திரேலிய விக்கெட்டில் 12 அனில் கும்ப்ளேவுடையது. ஜாகீர் கான் காயம், ஹர்பஜனுக்கு விரல் காயம். ஒரு மனிதர் எவ்வளவுதான் வீசுவார்? மறுபடியும் 1-1.

2007-08 சிட்னி பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. சைமண்ட்ஸ் 30-ல் எட்ஜ் வாங்கி அவுட் கொடுக்கப்படாமல் 162 எடுத்தது, சைமண்ட்ஸை இனரீதியாகத் திட்டியதாக ஹர்பஜன் மீது எழுந்த விவகாரம், ஆட்டம் முடிய ஓரிரு ஓவர் இருக்கையில் மைக்கேல் கிளார்க் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்தது. நான் பார்க்கச் சொல்வது அடுத்து வந்த பெர்த்தை. வாகா மைதானம், உலகத்திலேயே வேகமான பிட்ச் என்று பெயர் எடுத்தது. ஆசிய அணி அங்கே வெல்லும் என்று யாரும் எழுதவில்லை. பத்தொன்பது வயது இஷாந்த் சர்மா பாண்டிங்குக்கு வீசிய அந்த ஸ்பெல்லில், ஒரே நீளத்தில் விழுந்த பந்து ஒரு தடவை உள்ளே வந்தது, ஒரு தடவை பேட்டைத் தாண்டி வெளியே போனது. களைத்துவிட்டான் என்று கேப்டன் கும்ப்ளே ஓவரை மாற்றப் போக, இன்னும் ஒரு ஓவர் கொடுக்கச் சொன்னவர் சேவாக். அந்த ஓவரில் எட்ஜ், ஸ்லிப்பில் டிராவிட். 72 ரன்னில் வெற்றி, தொடர்ந்து 16 டெஸ்ட் வென்றிருந்த ஆஸ்திரேலியாவின் ஓட்டம் நின்றது. ஆர்.பி. சிங், இர்பான் பதான், இஷாந்த், கும்ப்ளே என்று நான்கு பேரும் சேர்ந்து விக்கெட் எடுத்த டெஸ்ட் அது. வழி எது என்று பத்து வருடம் முன்பே காட்டிவிட்டது. நாம்தான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

2011-12 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4-0. எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு தடவைதான் 300-ஐத் தாண்டினோம். அந்த இருட்டில் கோலி அடிலெய்டில் அடித்த 116 மட்டும் தனியாக நின்றது. 2014-15-ல் பேட்டிங் மீண்டுவிட்டது. கோலி நான்கு சதம், 692 ரன். ஆனாலும் 2-0 தோல்வி. காரணத்தை ஸ்கோர் பலகையே சொல்லும். நான்கு டெஸ்டிலும் முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 500-ஐத் தாண்டியது. ஒரு தொடர் முழுக்க எதிரணியை 500-க்குள் நிறுத்த முடியாவிட்டால் கோலி எத்தனை சதம் அடித்து என்ன பயன்?

இப்போது 2018-19. தொடர் 2-1. வெறும் நான்கு வருடத்தில் என்ன மாறியது? புஜாரா மூன்று சதம், 521 ரன், 1258 பந்து என்று ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளர்களைக் களைப்பில் தள்ளினார். அது பாதிக் கதை. மீதிப் பாதி, முதல் மூன்று டெஸ்டிலும் இந்தியா இருபது விக்கெட்டையும் எடுத்தது. தோற்ற பெர்த் டெஸ்டிலும் எடுத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன எந்த இந்திய அணியும் அதற்கு முன் ஒரே தொடரின் முதல் மூன்று டெஸ்டிலும் இருபது விக்கெட்டை எடுத்ததில்லை. பும்ரா, ஷமி, இஷாந்த் மூவரும் ஒரே நேரத்தில் உடல்தகுதியோடு இருந்தார்கள். ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர். கபிலுக்குக் கிடைக்காதது அது.

மெல்போர்னில் ஒரு பந்தைச் சொல்கிறேன். உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து. பழைய பந்து, தட்டையான பிட்ச், ஷான் மார்ஷ் நிதானமாக நிற்கிறார். மிட் ஆஃபில் இருந்த ரோகித் சர்மா, ஒருநாள் போட்டியில் வீசுகிற மெதுவான பந்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பும்ரா போட்டார். அது யார்க்கராகக் கீழே இறங்கி மார்ஷின் காலணியைத் தொட்டது. எல்.பி.டபிள்யூ. பிட்சிலிருந்து எதுவும் கிடைக்காதபோது விக்கெட்டைத் தானே உண்டாக்குகிற பந்து வீச்சு. அந்த இன்னிங்ஸில் அவர் 33-க்கு 6. சிட்னியில் புஜாரா 193, ரிஷப் பந்த் 159 ஆட்டமிழக்காமல். மழை வராவிட்டால் 3-1 ஆகியிருக்கும். சொந்த மண்ணில் ஆஸ்திரேலியா ஃபாலோ ஆன் ஆனது 1988-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

இந்த வேகம் வானத்திலிருந்து விழவில்லை. சென்னையில் 1987-ல் டென்னிஸ் லில்லியைக் கொண்டு எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளை தொடங்கியது. நமக்கு வேகம் கற்றுக்கொடுக்க வந்தவர் ஆஸ்திரேலியர் என்பது கவனிக்க வேண்டியது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் என்று ஒரு வரிசை அங்கே பட்டை தீட்டப்பட்டது. அவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் பும்ராவும் ஷமியும். 2018-19, 2020-21 என்ற இரண்டு வெற்றித் தொடரிலும் பந்து வீச்சுப் பயிற்சியாளராக இருந்த பரத் அருண், தமிழ்நாட்டுக்காக ஆடியவர்.

ஸ்மித், வார்னர் இல்லை என்ற வாதத்துக்கு இப்போது வரலாம். இல்லாதது ஆஸ்திரேலியாவின் பலத்தைக் குறைத்தது, அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன் நால்வரும் முழு பலத்தோடு இருந்தார்கள். அவர்களுக்கு எதிராகத்தான் புஜாரா அந்த 1258 பந்தையும் ஆடினார். மேலும், இரண்டே வருடத்தில் ஸ்மித்தும் வார்னரும் திரும்பி வந்த அணியோடு, நம் பக்கம் ஆளே இல்லாத நிலையில், தொடர் மறுபடி நடந்தது.

2020 டிசம்பர் 19, அடிலெய்டு. பகலிரவு டெஸ்டின் மூன்றாம் நாள் இந்தியா 36-க்குச் சுருண்டது. நம் வரலாற்றிலேயே குறைந்த ஸ்கோர். ஹேசில்வுட் 8 ரன்னுக்கு 5. ஷமியின் கை முறிந்தது. கோலி குழந்தைப் பிறப்புக்காக ஊர் திரும்பினார். 4-0 என்று பலரும் எழுதிவிட்டார்கள். மெல்போர்னில் ரஹானே 112 எடுத்தார், எட்டு விக்கெட்டில் வெற்றி. அந்த வெற்றியில் ஒரு திட்டம் இருந்தது. ஸ்மித்தும் லபுஷேனும் ஆஃப் ஸ்டம்புக்கு நகர்ந்து நகர்ந்துதான் ரன் எடுப்பார்கள். ஆகவே பரத் அருணும் ரவி சாஸ்திரியும் ஆஃப் பக்கத்தை அடைத்துவிட்டு, ஸ்டம்புக்கு நேராக வீசி, லெக் பக்கம் ஆட்களை நிறுத்தினார்கள். முதல் இன்னிங்ஸில் ஸ்மித், அஸ்வின் பந்தில் லெக் கல்லியில் புஜாராவிடம் கேட்ச், பூஜ்யம். இரண்டாவதில் பும்ரா அவர் கால்களுக்குப் பின்னால் போல்டாக்கினார்.

சிட்னியில் 407 இலக்கு. பந்த் 97, புஜாரா 77. அவர்கள் போனதும், தொடைத் தசை கிழிந்த ஹனுமா விஹாரியும், முந்தைய இரவு முதுகு வலியில் நிமிர முடியாமல் இருந்த அஸ்வினும் சேர்ந்தார்கள். ஓட முடியாது, அதனால் ரன் பற்றிய எண்ணமே இல்லை. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. நெஞ்சிலும் தோளிலும் வாங்கிக்கொண்டார் அஸ்வின். ஸ்டம்ப் மைக்கில் அவருடைய தமிழ் கேட்டுக்கொண்டே இருந்தது. சென்னை லீக்கில் ஆடிய விஹாரிக்கு அது புரியும், ஆஸ்திரேலியர்களுக்குப் புரியாது. அடுத்த டெஸ்ட் நடக்கும் பிரிஸ்பேன் மைதானமான காபாவில் பார்த்துக்கொள்கிறோம் என்ற தொனியில் ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் வாயைக் கொடுத்தார். டிரா.

காபாவில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு தோற்றதில்லை. இந்தியா அதுவரை அங்கே ஆறு டெஸ்ட் ஆடி ஐந்தில் தோல்வி, ஒன்று டிரா. பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி நால்வரும் காயம். களமிறங்கிய ஐந்து பந்து வீச்சாளர்கள் அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்ட்களை எல்லாம் கூட்டினால் நான்கு. சிராஜ் இரண்டு, சைனி ஒன்று, ஷர்துல் ஒன்று. நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அது முதல் டெஸ்ட். இருவரும் வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக அங்கே வைத்துக்கொள்ளப்பட்டவர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், முதல் இன்னிங்ஸில் சதம் அடித்த லபுஷேனையும் சேர்த்து மூன்று விக்கெட். வாஷிங்டனின் முதல் டெஸ்ட் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித். அவருக்கும் மூன்று. பிறகு 186-க்கு 6 என்ற நிலையில் வாஷிங்டனும் ஷர்துலும் 123 சேர்த்தார்கள். தந்தை இறந்த செய்தி வந்தும் ஊருக்குப் போகாமல் அணியோடு தங்கிய சிராஜ், இரண்டாவது இன்னிங்ஸில் 73-க்கு 5.

கவனியுங்கள், இந்த அணியும் இருபது விக்கெட்டை எடுத்தது. 369, 294. அனுபவமே இல்லாதவர்களை வைத்து, காபாவில். அதன் பிறகுதான் 328 துரத்தல், கில்லின் 91, உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்ற புஜாராவின் 56, பந்த்தின் 89 ஆட்டமிழக்காமல். மூன்று ஓவர் மீதி இருக்கையில் ஹேசில்வுட்டை நேராக அடித்த அந்தப் பவுண்டரி. 2018-19 வெற்றியை ஸ்மித் இல்லாததால் வந்தது என்று இனியும் சொல்கிறவரிடம் நான் இந்த ஒரு டெஸ்டைத்தான் எடுத்து வைப்பேன்.

2024-25 தொடர், மறுபக்கத்திலிருந்து இதையே காட்டியது. பெர்த்தில் பும்ரா தலைமையில், 150-க்கு ஆல் அவுட் ஆகியும் 295 ரன்னில் வெற்றி. அதற்குப் பிறகு அணி அவர் ஒருவரின் தோளில் தொங்கியது. பேட்டிங்கும் கைவிட்டது உண்மை. மெல்போர்னில் நிதிஷ் குமார் ரெட்டியின் 114 போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள்தான். அஸ்வின் அடிலெய்டில் மட்டும் ஆடினார், பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் ஓய்வை அறிவித்துக் கிளம்பிவிட்டார். ஐந்து டெஸ்டில் பும்ராவுக்கு 32 விக்கெட், சராசரி 13 சொச்சம். ஆஸ்திரேலியாவுக்குப் போன எந்த இந்தியரும் இவ்வளவு எடுத்ததில்லை, 1977-78 பேடியும் சேர்த்து. கபிலையும் கும்ப்ளேவையும் போலவே அவருக்கும் எதிர்முனையிலிருந்து போதிய துணை வரவில்லை. சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டது. கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு 162 தேவை, பும்ரா பந்து வீச வரவில்லை. ஆறு விக்கெட்டில் வென்று, தொடரை 3-1 என்று முடித்து, பார்டர்-கவாஸ்கர் கோப்பையைப் பத்து வருடத்துக்குப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.